ஒரே ஆல்பத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்த நிறுவனம்! - `வில்கோ' இசைக்குழு ஜெயித்ததும் இழந்ததும்

ஒரு பொருளைச் செய்துதரச் சொல்லி ஒருவருக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். அவரும் ராப்பகலாக உழைத்துச் செய்துகொண்டு வருகிறார். பார்த்துவிட்டு, `இது விற்காது... எடுத்துக்கிட்டுப் போங்க' என்று திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். சில மாதங்கள் கழித்து உங்கள் தம்பி அதே பொருளை, அதே ஆளிடமிருந்து, உங்கள் குடும்பப் பணத்திலேயே வாங்கிக்கொண்டு வருகிறார். கொஞ்ச நாளில் ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு! உங்களுக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் மிகப் பெரிய ஊடக நிறுவனங்களில் ஒன்றுக்கு 2001-ம் ஆண்டில் அப்படித்தான் ஆனது. அந்தப் பொருள், ஓர் இசை ஆல்பம். பெயர் `யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'. செய்துகொடுத்தவர்கள், சிகாகோ நகரத்தின் `வில்கோ' ராக் இசைக்குழுவினர். 11 பாடல்கள், மொத்தம் 52 நிமிடங்கள்கூட இல்லை. ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் கதை பெரியது.

இந்தக் குழுவின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. விமானிகளும் ராணுவத்தினரும் வயர்லெஸ்ஸில் பேசும்போது, மேலிடத்து உத்தரவைக் கேட்டதும் `வில்கோ' என்பார்கள். `சொன்னபடியே செய்கிறேன்' என்று அர்த்தம். அப்படிப் பெயர் வைத்துக்கொண்ட குழுதான், மேலிடம் சொன்னதைச் செய்ய முடியாது என்று மறுத்து வரலாற்றில் இடம்பிடித்தது!

ரயில்வே தொழிலாளியின் மகன்

குழுவின் தலைவர் ஜெஃப் ட்வீடி. இலினாய் மாகாணத்தின் பெல்வில் என்கிற சிறிய ஊரில் 1967-ல் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பள்ளித் தோழன் ஜே ஃபராருடன் சேர்ந்து `அங்கிள் டூப்பலோ' என்ற குழுவை நடத்தினார். கிராமியப் பாடல்களின் மெட்டையும் பங்க் ராக்கின் வேகத்தையும் கலந்த குழு அது. 1994-ல் ஃபரார் விலகிவிட, மிச்சமிருந்தவர்களை வைத்து ட்வீடி தொடங்கியதுதான் வில்கோ.

`இண்டி ராக்' என்றால், பெரிய நிறுவனங்களின் லாபக் கணக்குக்குள் சிக்காமல் மனதுக்குப் பட்டதை இசைக்கிறவர்களின் பாட்டு என்று சுருக்கமாகச் சொல்லலாம். அதில் வில்கோவின் நிலைமை கொஞ்சம் விசித்திரம். மனசு இண்டி, ஒப்பந்தமோ `வார்னர்' குடும்பத்தைச் சேர்ந்த `ரிப்ரைஸ்' நிறுவனத்தோடு!

1996-ல் இரண்டு டிஸ்க்குகள் கொண்ட ஆல்பம் ஒன்றை வில்கோ வெளியிட்டது. ஒரு டிஸ்க்கின் விலைக்கே ரசிகர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று தங்கள் ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். மறைந்த நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி எழுதிவைத்துவிட்டுப் போன பாடல் வரிகளுக்கு, 1998-ல் பிரிட்டன் பாடகர் பில்லி பிராக்குடன் சேர்ந்து மெட்டமைத்தார்கள். விமர்சகர்களிடம் நல்ல பெயர். விற்பனைதான் நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

1999-ல் வந்த `சம்மர்டீத்' ஆல்பத்தின்போது, ரேடியோவில் ஓடும்படி ஒரு பாட்டை மாற்றித் தரச் சொன்னது நிறுவனம். குழு ஒப்புக்கொண்டது. அப்படி மாற்றியும் அந்தப் பாட்டு ஹிட் ஆகவில்லை. அந்த அனுபவத்தை ட்வீடி மறக்கவில்லை.

பாட்டைக் கழற்றி மாட்டினார்கள்

அடுத்த ஆல்பத்துக்கு ரிப்ரைஸ் கொடுத்த பணம் சுமார் 85,000 டாலர். வாடகை ஸ்டூடியோவுக்குப் போகாமல், சிகாகோவில் தங்களுக்கென்று வைத்திருந்த `தி லாஃப்ட்' என்கிற இடத்திலேயே பதிவுசெய்வது என்று முடிவெடுத்தார்கள். மணிக்கணக்குக்குக் காசு கிடையாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 2000-ம் ஆண்டின் கடைசியில் வேலை சூடுபிடித்தது.

அந்த ஸ்டூடியோவின் மூளை, ஜே பென்னட். கிட்டார், பியானோ, ஆர்கன் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். குழுவில் சேர்வதற்கு முன்பு, விசிஆர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். எந்த மெஷினையும் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டத் தெரிந்தவர். ட்வீடி ஒரு மெட்டைக் கொண்டுவந்தால், பென்னட் அதன்மேல் பத்து விதமான ஒலிகளை அடுக்கிக் காட்டுவார். பல பாடல்களை இருவரும் சேர்ந்தே உருவாக்கினார்கள்.

பாடல்கள் முதலில் சாதாரணமான கிட்டார் பாட்டுகளாகத்தான் இருந்தன. பிறகு அவற்றைப் பிரித்துப் போட்டார்கள். தாளத்தை எடுத்துவிட்டு இரைச்சலை வைத்தார்கள். இரைச்சலைக் குறைத்துவிட்டு மணியோசையைச் சேர்த்தார்கள். ஒரே பாட்டுக்கு நாலைந்து வடிவங்கள் தயாராயின. எது சரி என்று முடிவெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இதற்கிடையே டிரம்மர் மாறினார். பழைய டிரம்மர் கென் கூமருக்குப் பதிலாக, 2001 தொடக்கத்தில் க்ளென் கோச்சி வந்தார். அவரை ட்வீடிக்கு அறிமுகப்படுத்தியவர், சிகாகோவின் சோதனை முயற்சி இசைக்குப் பெயர்போன ஜிம் ஓ ரூர்க். பின்னர், அந்த ஓ ரூர்க்கையே ஆல்பத்தை மிக்ஸிங் செய்ய அழைத்தார் ட்வீடி. அடுக்கி வைத்திருந்த ஒலிகளில் எதைவிடுவது, எதைவைப்பது என்று தீர்மானித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ரேடியோவில் கேட்ட மர்மக் குரல்

ஆல்பத்தின் தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா?

சிற்றலை வானொலியில் ஸ்டேஷன் தேடித் திருகிய பழக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்... `கர்ர்ர்' என்ற இரைச்சலுக்கு நடுவே, திடீரென்று யாரோ எண்களையோ எழுத்துகளையோ உணர்ச்சியே இல்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். யார் பேசுகிறார்கள், யாருக்குப் பேசுகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். இவற்றை `நம்பர் ஸ்டேஷன்' என்பார்கள். உளவாளிகளுக்கு அனுப்பும் ரகசியச் செய்திகள் என்பது பொதுவான நம்பிக்கை. இப்படிப்பட்ட ஒலிபரப்புகளைச் சேகரித்து, `தி கானெட் புராஜெக்ட்' என்ற பெயரில் 4 சிடிக்களாக வெளியிட்டது `இர்டியல்' என்ற பிரிட்டன் நிறுவனம். ட்வீடி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதில் ஒரு பெண் குரல், `யாங்கி... ஹோட்டல்... ஃபாக்ஸ்ட்ராட்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வயர்லெஸ் மொழியில், ஆங்கிலத்தின் மூன்று எழுத்துகளைக் குறிக்கும் சொற்கள் அவை. அந்தக் குரலை `புவர் பிளேசஸ்' என்ற பாட்டின் இறுதியில், இரைச்சல் மலைபோல எழும் இடத்தில் அப்படியே வைத்துவிட்டார்கள். (முறையாக அனுமதி வாங்கவில்லை என்று இர்டியல் பின்னர் வழக்குப் போட, பணம் கொடுத்து சமரசம் செய்துகொண்டது தனிக்கதை!)

யாரோ ஒருவர் எங்கிருந்தோ பேசுகிறார். எதிர்முனையில் யாராவது கேட்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. இந்த ஆல்பத்தின் பாடல்கள் எல்லாமே கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கின்றன. காதலியிடம் பேச நினைத்து வார்த்தை தடுமாறும் ஆண், தூரத்தில் இருக்கும் துணையைத் தேற்ற முடியாமல் தவிக்கும் குரல்... சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இரைச்சல்.

அதே இரைச்சல், பாடல்களைப் பதிவுசெய்த அறைக்குள்ளும் புகுந்தது.

சில நொடிகளுக்காக ஒரு சண்டை

இந்த ஆல்பம் உருவாவதைப் படமாக்க, சாம் ஜோன்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் கேமராவுடன் கூடவே இருந்தார். 2002-ல் வெளியான அந்தக் கறுப்பு வெள்ளை ஆவணப்படத்தில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடம். சில நொடிகள்தான். அதை எப்படி இணைப்பது என்று ட்வீடிக்கும் பென்னட்டுக்கும் வாக்குவாதம். பென்னட் தன் பக்கத்தை விளக்குகிறார். ட்வீடி `புரிகிறது' என்கிறார். `இல்லை, நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரியவில்லை' என்கிற மாதிரி பென்னட் மீண்டும் ஆரம்பிக்கிறார். பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.

கொஞ்ச நேரத்தில் ட்வீடி எழுந்துபோய்க் கழிவறையில் வாந்தி எடுக்கிறார். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி உண்டு. டென்ஷன் ஏறினால் அதுவும் ஏறும். வலிக்காகச் சாப்பிட ஆரம்பித்த மாத்திரைகள் மெதுவாக அவரை அடிமையாக்கிக்கொண்டிருந்தன. அது அப்போது வெளியே தெரியவில்லை.

2001 கோடையில் ஆல்பம் முடிந்த கையோடு, பென்னட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கடையையோ, கச்சேரிக் குழுவையோ நடத்திய யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இருவரும் திறமைசாலிகள், இருவருக்கும் அந்தப் பாட்டின் மேல் உயிர். அதனால்தான் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

`இது விற்காது!'

முடிந்த ஆல்பம் ரிப்ரைஸ் அலுவலகத்துக்குப் போன நேரம் சரியில்லை. அதன் தாய் நிறுவனமான டைம் வார்னர், இணைய நிறுவனமான ஏஓஎல்லுடன் அப்போதுதான் இணைந்திருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் நெருக்க, இசைப்பிரிவில் நூற்றுக்கணக்கானவர்களின் வேலை போனது. வில்கோவுக்கு ஆதரவாக இருந்த ரிப்ரைஸ் தலைவர் ஹோவி க்ளைனும் பதவியிலிருந்து விலகினார்.

மிச்சமிருந்த அதிகாரிகள் ஆல்பத்தைக் கேட்டார்கள். ரேடியோவில் போட ஒரு பாட்டுகூடத் தேறாது என்று நினைத்தார்கள். மாற்றங்கள் செய்யச் சொன்னார்கள். இந்த முறை குழு சம்மதிக்கவில்லை. 2001 ஜூனில் ஆல்பம் நிராகரிக்கப்பட்டது.

ரிப்ரைஸ் நிறுவனத்தை 1960-ல் தொடங்கியவர், புகழ்பெற்ற பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா. கலைஞர்கள் தங்கள் விருப்பப்படி பாட ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அவர் தொடங்கிய நிறுவனம் அது!

ட்வீடிக்கு அப்போது இரண்டு சின்னப் பிள்ளைகள். குழுவில் எல்லோருக்கும் வாடகை, குடும்பம், செலவுகள் இருந்தன. பாட்டை மாற்றிக்கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும். மாற்றாவிட்டால் நிறுவனம் இல்லை, விளம்பரம் இல்லை, கடைகளில் ஆல்பமே இல்லை. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆல்பத்தின் உரிமையை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெளியாகாத ஆல்பமும் செப்டம்பர் 11-ம்

ஆல்பம் வெளியாவதாக முதலில் திட்டமிட்டிருந்த தேதி எது தெரியுமா? 2001, செப்டம்பர் 11.

அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. வில்கோவின் பாடல்களோ அதற்குப் பல மாதங்கள் முன்பே எழுதிப் பதிவு செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றில், உயரமான கட்டடங்கள் நடுங்குவதைப் பற்றி வருகிறது. இன்னொன்றின் தலைப்பு, அமெரிக்கக் கொடிகளின் சாம்பலைப் பற்றியது. மற்றொன்றின் தலைப்பில் `போர்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. ஆல்பத்தின் அட்டையிலும் இரண்டு கோபுரங்கள்தான். அவை நியூயார்க்கினுடையவை அல்ல. கட்டடக் கலைஞர் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வடிவமைத்த, சோளக்கதிர் மாதிரி இருக்கும் சிகாகோவின் மரினா சிட்டி கோபுரங்கள்.

எல்லாமே தற்செயல். ஆனால் அந்த வாரத்தில் அந்தப் பாடல்களைக் கேட்டவர்களுக்கு அவை அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எப்படிக் கேட்டார்கள்? அதுதான் அடுத்த திருப்பம்.

`இலவசமாகவே கேளுங்கள்!'

ஆல்பம் கைமாறிக் கைமாறி, அதன் பாடல்கள் திருட்டுத்தனமாக இணையத்தில் உலாவத் தொடங்கியிருந்தன. வழக்கமாக இந்த இடத்தில் இசைக்குழுக்கள் வக்கீலைத் தேடிப் போகும். பாட்டுகளை இலவசமாகப் பரிமாற வழிசெய்த `நாப்ஸ்டர்', வழக்குகளில் சிக்கி மூடப்பட்ட வருடம் அது.

வில்கோ வேறு வழியில் போனது. செப்டம்பர் 18 அன்று, தங்கள் இணையதளத்தில் மொத்த ஆல்பத்தையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம் என்று திறந்துவிட்டது. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பு. பலர் வீட்டில் இன்னமும் டெலிபோன் வயர் வழியாகத்தான் இணையம். ஒரு பாட்டு நடுவில் நின்று நின்று வரும். அப்படியும் கேட்டார்கள்.

சில நாள்களில் குழு இசைப் பயணம் கிளம்பியது. கடையில் கிடைக்காத ஆல்பத்தின் பாடல்களை மேடையில் பாடினார் ட்வீடி. கூடவே கூட்டமும் பாடியது! எந்த ரேடியோவிலும் வராத பாடல்கள் ரசிகர்களுக்கு மனப்பாடமாகியிருந்தன.

அதே வீட்டின் இன்னொரு கதவு

இப்போது நிறுவனங்கள் தேடிவந்தன. அவற்றில் வில்கோ தேர்ந்தெடுத்தது `நன்சச்' என்ற நிறுவனத்தை. மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் உலக நாடுகளின் இசைக்கும் பேர்போன இடம் அது. கர்நாடக இசை மேதை ராம்நாடு கிருஷ்ணனின் பாட்டை 1960-களிலேயே இசைத்தட்டாக அமெரிக்கர்களுக்குக் கொண்டுபோனவர்களும் இவர்கள்தான். விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்காத காது, வில்கோவுக்கும் கிடைத்தது.

ஆனால் இந்த நன்சச் யாருடையது? அதுவும் வார்னர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்! ஆக, ஒரே முதலாளி ஆல்பத்தைத் தயாரிக்க ஒரு முறையும், திரும்ப வாங்க இன்னொரு முறையுமாகப் பணம் கொடுத்திருந்தார்.

2002 ஏப்ரல் 23-ல் ஆல்பம் கடைகளுக்கு வந்தது. ஏழு மாதங்களாக இலவசமாகக் கிடைத்த பாடல்களை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வாங்கினார்கள். அமெரிக்காவின் `பில்போர்டு' பட்டியலில் 13-ம் இடம். அதுவரை வில்கோ தொடாத உயரம். பின்னர் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி `கோல்டு' அந்தஸ்தும் பெற்றது. `வில்லேஜ் வாய்ஸ்' இதழ் ஆண்டுதோறும் விமர்சகர்களிடையே நடத்திவந்த வாக்கெடுப்பில், 2002-ன் சிறந்த ஆல்பம் இதுதான்.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்கள் முதல் பாட்டிலிருந்து தொடங்கினால் கொஞ்சம் மிரண்டுபோகலாம். ஏழு நிமிடம் ஓடும் அதில் தாளம், மணி, பியானோ எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி வந்து, மெல்ல மெல்லத்தான் சேரும்.

அதனால், `ஜீசஸ், எட்செட்ரா' பாட்டில் தொடங்குவது நல்லது. தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வது மாதிரியான மெட்டு. பின்னால் இழையும் வயலின்கள். அடுத்து, `ஹெவி மெட்டல் டிரம்மர்'. கோடை இரவுகளில் ராக் குழுக்களின் ஆட்டம்பாட்டத்தைப் பார்த்த இளமை நாள்களை நினைத்து ஏங்கும் துள்ளல் பாட்டு. பிறகு `புவர் பிளேசஸ்'. அந்த மர்மப் பெண் குரல் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பினால், இரைச்சலாகத் தெரிந்தது வேறு மாதிரி கேட்கும். கண்டிப்பாக ஹெட்போன் தேவை.

ஜெயித்த பிறகு...

ட்வீடி 2004-ல் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். மாத்திரைகளின் பிடியிலிருந்து மீண்டார். பின்னாளில் தன் சுயசரிதையில் அந்த நாள்களை ஒளிவுமறைவின்றி எழுதினார். வில்கோ 2011-ல் சொந்தமாகவே இசை நிறுவனம் தொடங்கிவிட்டது. `இது விற்காது' என்று சொல்ல இப்போது மேலே யாரும் இல்லை.

ஜே பென்னட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. தனியாக ஆல்பங்கள் வெளியிட்டார். மற்றவர்களுக்குப் பாடல்கள் பதிவுசெய்து கொடுத்தார். 2009 மே மாதம், தன் 45-வது வயதில் இறந்துபோனார். வலிநிவாரணி மருந்தின் அளவு தவறுதலாக மீறியதே காரணம். ஒரே வலிநிவாரணிப் பாதையில் ஒருவர் மீண்டுவந்தார், இன்னொருவர் வரவில்லை.

ஆல்பத்தின் 20-ம் ஆண்டையொட்டி, 2022-ல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. அன்று `தி லாஃப்ட்' ஸ்டூடியோவில் அவர்கள் செய்துபார்த்து ஒதுக்கிவைத்த வடிவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த ஆண்டே அதற்கு, சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. 2002-ல் கடைக்கு வந்த ஆல்பத்தில் பென்னட் அடுக்கிய எத்தனையோ ஒலிகள் வெட்டப்பட்டிருந்தன. இந்தத் தொகுப்பில் அவற்றையும் கேட்க முடிகிறது. ஒரே பாட்டு முதலில் துள்ளலாக, அடுத்து சோகமாக, பிறகு இரைச்சலாக என்று மாறி மாறி வருகிறது. யார் சொன்னது சரி என்ற பழைய சண்டையை இனி கேட்பவர்களே தீர்த்துக்கொள்ளலாம்.

`ஜீசஸ், எட்செட்ரா'வைத்தான் ரசிகர்கள் இன்றைக்கும் கூடப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டை உருவாக்கியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஜெஃப் ட்வீடி, ஜே பென்னட்.